துவான் ஏறினால் அணையும் விளக்கு

கார் வயர் வேலை எப்படிப்பட்ட தொழில்னா, வண்டி ஓடினா டிரைவருக்குப் பேரு, வண்டி நின்னா வயர்மேனுக்குத் திட்டு. ஜப்பான்காரன் காலத்துல திட்டோட அறையும் சேர்த்துக் கொடுத்தாங்க. என்னை மாதிரி வயரைக் கையில பிடிச்சே காலம் தள்ளின சக பாவிகள் யாராவது இதைப் படிச்சா, சிரிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை கன்னத்தைத் தடவிப் பார்த்துக்குங்க.

அப்போ நான் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவுல இருந்த பாலோங்கிற சின்ன ஊர்ல, சீனக்காரர் ஆ செங் பட்டறையில இருந்தேன். ஆ செங் எஞ்சின் பார்ப்பாரு, நான் வயர் பார்ப்பேன். வெள்ளைக்காரன் ஓடினான், ஜப்பான்காரன் வந்தான், பட்டறை இனி ஜப்பான் ராணுவத்துக்குச் சொந்தம்னு வாசல்ல பலகை மாட்டினான். வேலையை மட்டும் பெரிய மனசு பண்ணி எங்களுக்கே விட்டுக் கொடுத்தான்.

போகவே போகாத பியூஸ்

பியூஸ் ஒண்ணும் பெரிய சமாச்சாரம் இல்ல. சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள்ள மெல்லிசா ஒரு கம்பி. வயர் எங்கயாவது இரும்புல உரசிக் கரண்டு கண்டபடி பாய்ஞ்சா, அந்தக் கம்பி முதல்ல உருகி மத்த வயரெல்லாம் எரியாம காப்பாத்தும். ஜப்பான்காரன் வந்தப்புறம் அரிசி இல்ல, சீனி இல்ல, கட்டிக்கத் துணி இல்ல. பியூஸ் மட்டும் எங்கேர்ந்து வரும்? பழைய வயரைப் பிரிச்சு அதுலேர்ந்து ஒரு இழையை எடுத்து, போன பியூஸ்ல கட்டித்தான் நாங்க சமாளிச்சோம்.

மரவள்ளிக்கிழங்கு ஏத்துற லாரி வெச்சிருந்த செட்டியார் ஒருத்தர் என்னைவிடப் புத்திசாலி. பியூஸ் அடிக்கடி போகுதேன்னு அந்த இடத்துல ஒரு இரும்பு ஆணியைச் சொருகிட்டாரு. ஆணி போகல. அதுக்குப் பதிலா ஹாரன் வயர் போச்சு, விளக்கு வயர் போச்சு, சீட்டுல விரிச்சிருந்த கோணிச் சாக்கும் போச்சு. கருகின லாரியை மாட்டைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்து நிறுத்தினாரு. பியூஸ் பெட்டியைத் திறந்தேன். செட்டியார் பெருமையா என் தோளைத் தட்டினாரு. "எல்லாம் எரிஞ்சாலும் பாருங்க தம்பி, நான் போட்ட பியூஸ் மட்டும் அப்படியே இருக்கு!"

பெரிய இடத்து வண்டி

அப்புறம்தான் அந்தக் கருப்புக் கார் வந்துச்சு. எனக்குச் சனியன் பிடிச்சதும் அன்னிக்குத்தான். கோத்தா திங்கி பக்கம் ஒரு தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோட வண்டி அது. துரை சிங்கப்பூருக்கு ஓட்டம் பிடிச்சதும் ஒரு ஜப்பான் அதிகாரி கைக்கு வந்துடுச்சு. எங்க பக்கத்துத் தோட்டங்கள்லேர்ந்து சயாம் காட்டுல ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடிச்சு அனுப்புறதுதான் அவருக்கு வேலை. அவரு பேரு எங்களுக்கு எதுக்கு? மலாய்ல ஐயான்னு அர்த்தம் வர்ற மாதிரி துவான்னு சொன்னாப் போதும், அதையும் குனிஞ்சுக்கிட்டே சொல்லணும்.

டிரைவர் முத்தையா நம்ம ஆளு. பெக்கோக் பக்கம் தோட்டத்து லாரி ஓட்டினவன், வாயில எப்பவும் வெத்தலை, இடி விழுந்தாலும் பதறமாட்டான். வண்டியை நிறுத்திட்டு இறங்கினான், ஒரு கன்னம் ஆப்பம் மாதிரி உப்பியிருந்துச்சு. அந்தி சாய்ஞ்சு விளக்கைப் போட்டா, கொஞ்ச தூரத்துலயே பியூஸ் போய் வண்டி முழுக்க இருட்டாயிடுதாம். இருட்டான உடனே பின் சீட்டுலேர்ந்து ஒரு கை வருதாம். "கும்மிருட்டுல எப்படிடா குறி தப்பாம அடிக்கிறாரு?"ன்னு கேட்டேன். முத்தையா வெத்தலையைத் துப்பிட்டுச் சொன்னான். "விளக்கு இல்லாட்டி என்ன அண்ணே, என் கன்னம் எங்க இருக்குன்னு துவானுக்கு நல்லாத் தெரியும்."

சுருக்கமாகச் சொன்ன சேதி

புது இழை கட்டி, விளக்கைப் போட்டுப் பார்த்து அனுப்பினேன். ஜம்முனு எரிஞ்சுச்சு. மறுநாள் முத்தையா திரும்ப வந்தான், இந்தத் தடவை அடுத்த கன்னம். திரும்பவும் கட்டினேன், திரும்பவும் வந்தான். கடைசியில துவானே நேர்ல வந்துட்டாரு, கூட துபாஷி நாகலிங்கத்தார்.

நாகலிங்கத்தார் யாழ்ப்பாணத்து மனுஷர். வெள்ளைக்காரன் காலத்துல ரயில்வேயில கிராணி, அதாவது குமாஸ்தா. ஜப்பான்காரன் வந்ததும் ஒரு வாத்தியாரைப் பிடிச்சு அவன் பாஷையைக் கத்துக்கிட்டு, அதே வெள்ளைக் கால்சட்டையோட அடுத்த ராஜாங்கத்துக்கு மாறிட்டாரு. துவான் என் முகத்துக்கு நேரா ரொம்ப நேரம் கத்தினாரு. கத்தி முடிச்சதும் நாகலிங்கத்தார் கைக்குட்டையால வாயைத் துடைச்சுக்கிட்டு ஒரே வரியில முடிச்சாரு: "அடுத்த சயாம் ரயில் வெளிக்கிட முந்தி வண்டி சரிவராட்டி, வயர்காரனும் டிரைவரும் அதிலை ஏற வேணுமாம்."

எங்க பக்கத்துலேர்ந்து சயாம் ரயில் ஏறினவங்கள்ல ஒருத்தரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. வீட்டுல என் பொண்டாட்டி ராசாத்தி, அவ இடுப்புல கைப்புள்ள. துவான் போனதும், "அவ்வளவு நேரம் கத்தினாரே ஐயா, இவ்வளவுதானா?"ன்னு கேட்டேன். நாகலிங்கத்தார் தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டாரு. "மிச்சமெல்லாம் உம்மட தாயைப் பற்றி. அது உமக்கு வேண்டாமெண்டு விட்டுட்டன்."

நடிப்புக்கார நோயாளி

அதுக்கப்புறம் அந்த வண்டியை நான் பார்த்த பார்வை இருக்கே, பொண்ணு பார்க்கப் போனப்போகூட ராசாத்தியை அப்படிப் பார்த்ததில்ல. டைனமோவைக் கழட்டினேன், ஹாரனைக் கழட்டினேன், சுவிட்சைப் பிரிச்சுத் துடைச்சேன், பின் விளக்கு வயரைப் புதுசா இழுத்தேன். கோத்தா திங்கி வெள்ளத்துல முங்கின வண்டியா இருக்கும், உள்ள ஈரம் தங்கியிருக்கும்னு வயரை எல்லாம் வெயில்ல காயப்போட்டேன். பகல் பூரா விளக்கைப் போட்டே வெச்சேன். உச்சி வெயில்ல விளக்கைப் போட்டுக்கிட்டுக் கடைத்தெருவைச் சுத்தி வந்தோம், ஊரே சிரிச்சுச்சு. பியூஸ் அசையல.

சரி, தீர்ந்துச்சு சனியன்னு வண்டியைக் கொடுத்தனுப்பினா, துவானை ஏத்திக்கிட்டு ரயில்வே கேட்டைத் தாண்டுறதுக்குள்ள இருட்டு. டாக்டரைப் பார்த்ததும் இருமலை நிறுத்திக்கிற நோயாளியை என்னதான் பண்றது? ஒரு நாள் ஸ்பேனரைத் தூக்கித் தரையில அடிச்சேன். ஆ செங் அதை நிதானமா எடுத்துத் துடைச்சு மாட்டிட்டு, கடைத்தெருவுல பேசுற பாசார் மலாய்ல ஒரு வார்த்தை சொன்னாரு. "அலமாக், வண்டிக்கு நோய் ஒண்ணும் இல்ல லா. துவான் ஏறினா அதுக்குப் பயம்."

கிழங்கு மூட்டை துவான்

ஆ செங் கிண்டலுக்குத்தான் சொன்னாரு, எனக்கு அது சுருக்குனு பட்டுச்சு. பட்டறையில இல்லாதது, பாதையில இருக்கிறது எது? துவான்! அவரு உடம்பு சும்மா இல்ல, ஊரே கிழங்கு தின்னப்போ அவரு அரிசிச் சோறு தின்னு வளர்த்தது. அந்தக் கனத்துல பின் சீட்டு ஸ்பிரிங் இறங்கி, கீழே போற வயரை அழுத்துதோ? துவான் எவ்வளவு கனம்னு நாகலிங்கத்தார்கிட்ட கேட்டா, "துவானை நிறுக்கக் கேக்கிறீரோ?"ன்னு அடிக்க வர்றாரு. முத்தையாதான் அறை வாங்கின அனுபவத்துல கனத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னான். செட்டியார்கிட்ட கிழங்கு மூட்டை இரவல் வாங்கிப் பின் சீட்டுல உட்கார வெச்சோம்.

அந்தி சாயுற நேரமா விளக்கைப் போட்டுக்கிட்டுப் புறப்பட்டோம். கருப்புக் காரைப் பார்த்ததும் பாதையில போனவங்கள்லாம் சைக்கிளை விட்டு இறங்கி, பின் சீட்டுல இருந்த மூட்டைக்கு இடுப்பு வளையக் குனிஞ்சாங்க. மூட்டையும் திரும்பிப் பார்க்காம ரொம்ப கெத்தா வந்துச்சு. ரயில்வே கேட்டு, தோட்டத்துச் செம்மண் பாதை, மரப்பாலம் எல்லாம் தாண்டியும் விளக்கு அணையல. கனமும் காரணம் இல்லன்னு ஆனதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. சயாம் ரயில் வர இன்னும் கொஞ்ச நாள்தான். முத்தையா கண்ணாடி வழியாப் பின் சீட்டைப் பார்த்துக்கிட்டே ஓட்டினான். "பேசாம இந்தத் துவானையே வெச்சுக்கலாம் அண்ணே. அடிக்கவும் மாட்டாரு, பசிச்சா அவிச்சும் திங்கலாம்."

கூட ஏறிப் பார்த்தேன்

வேற வழியில்லாம நாகலிங்கத்தார் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சி, துவான் போறப்போ முன் சீட்டுல உட்கார உத்தரவு வாங்கினேன். துவான் வர்றதுக்கு முன்னால முத்தையா கையைக் கழுவினான். சீட்டுக்கு அடியிலேர்ந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தான். வெள்ளைத் துணியைப் பிரிச்சு, இரும்புக் கம்பியில கட்டின ஜப்பான் கொடியை எடுத்து, முன் மட்கார்டு மேல இருந்த துளையில நல்லா அழுத்திச் சொருகினான். சொருகிட்டு ஒரு கும்பிடு. துவான் வண்டியில இருந்தாத்தான் கொடி இருக்கணும். அவரு இறங்கினா கொடியும் இறங்கணும். இல்லாட்டி அதுக்குத் தனி அறை. அதனால பட்டறைக்கு வர்றப்போ அதைப் பக்தியாச் சுருட்டிப் பெட்டியில வெச்சுட்டுத்தான் முத்தையா வருவான்.

ரயில்வே கேட்டுல வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சு. பட்டுனு இருட்டு. பின்னாலேர்ந்து கை வந்துச்சு. முத்தையாவுக்கு ஒண்ணு, பாரபட்சம் கூடாதுன்னு எனக்கும் ஒண்ணு. காது கொய்யினு கத்த, நிமிர்ந்து பார்த்தா முன்னால அந்தக் கொடி மட்டும் படபடன்னு ஆடிக்கிட்டு இருந்துச்சு. அட கடவுளே! இவ்வளவு நாளும் நான் சோதிச்சுப் பார்த்ததெல்லாம் கொடி இல்லாத வண்டி! பியூஸ் மாத்துற சாக்குல இறங்கி முத்தையா காதுல, "கொடிக் கம்பிதான்டா கோளாறு"ன்னு சொன்னேன். அறைக்குப் பதறாதவன் அதுக்குப் பதறிட்டான். "மெதுவா அண்ணே! விளக்கு போனா அறையோட போச்சு. கொடிமேல பழி போட்டா தலையே போயிடும்."

கொடிக்குக் கீழே

கோளாறு இதுதான். மட்கார்டுக்கு அடியில விளக்கு வயர் போகுது. கொடிக் கம்பியை அழுத்திச் சொருகினா, அதோட அடி முனை துளைக்குக் கீழே நீட்டி அந்த வயர்ல இடிக்குது. இடிச்சு இடிச்சு வயர் மேல சுத்தியிருந்த நூல் உறை தேஞ்சு செம்பு வெளியே வந்திருக்கணும். வண்டி குலுங்குறப்போ இரும்பு செம்பைத் தொட்டா பியூஸ் காலி. கம்பியை எடுத்துட்டா வயர் விலகிக்கும், அதுமேல சேறு அப்பியிருக்க, ஒண்ணும் தெரியாது. ஆனா நிச்சயமாத் தெரிஞ்சுக்கணும்னா, பட்டறையில வெச்சே கொடியை ஏத்திப் பார்க்கணும். முத்தையா முடியவே முடியாதுன்னான். சயாம் ரயிலை ஞாபகப்படுத்தினேன். வாசலைப் பார்த்துக்கிட்டே சொருகினான்.

நான் மட்கார்டுக்கு அடியில தலையை விட்டுச் சேத்தைச் சுரண்டினேன். வெளியே நடந்த கூத்து அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. கொடியைப் பார்த்ததும் தெருவுல போனவங்க எல்லாம் அப்படியே நின்னு குனிஞ்சிருக்காங்க. காப்பிக் கடைக்காரரு கையில டம்ளரோட குனிஞ்சிருக்காரு. ரோந்து வந்த சிப்பாய்ங்க விறைப்பா நின்னு சலாம் வெச்சிருக்காங்க. ஆ செங் ஸ்பேனரோட வளைஞ்சு நின்னாரு. நிமிராம, குனியாம, கொடிக்கு நேரா பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு இருந்தது ஊருலயே நான் ஒருத்தன்தான்.

அந்த நேரம் பார்த்துத்தானா துவான் வரணும்? "பாக்கேரோ!"ன்னு, அதான் அவங்க பாஷையில மடையான்னு, ஒரு கத்தல். முகமெல்லாம் சேறா எழுந்து நின்னேன். துவான் கை மேலே போச்சு, இன்னொரு கை இடுப்பு வாள்ல. உண்மையைச் சொன்னா தலை போகும், சொல்லாட்டியும் போகும். நாகலிங்கத்தார் கம்பியைப் பார்த்தாரு, என் விரல்ல இருந்த வயரைப் பார்த்தாரு, அப்புறம் ஜப்பான் பாஷையில நிறுத்தாம பேசினாரு. துவான் கை மெல்ல இறங்குச்சு. என்னைப் பார்த்துத் தலையை வேற ஆட்டிட்டுப் போயிட்டாரு. "என்னய்யா சொன்னீங்க?"ன்னு கேட்டேன். நாகலிங்கத்தார் நெத்தி வேர்வையைத் துடைச்சாரு. "இந்த வயர்காரன் கொடியை வணங்காமல் வண்டியிலை கை வைக்கமாட்டான் எண்டு சொன்னன். நீர் அடியிலை கிடந்தது சாஷ்டாங்க நமஸ்காரம்."

நல்லா வேலை செஞ்ச குத்தம்

தேஞ்ச வயரை வெட்டிப் புதுசு போட்டேன். கம்பி முனை இடிக்கிற இடத்துல சைக்கிள் டியூப்பைச் சுத்தி, மேல மெழுகு நூலால இறுக்கி முடிச்சுப் போட்டேன். அதோட ஒழிஞ்சுச்சு நோய். கொடி பறந்துச்சு, விளக்கு எரிஞ்சுச்சு, முத்தையா கன்னம் ரெண்டும் ஒரே அளவுக்கு வந்துச்சு. நானும் தெருவுல கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன், சிப்பாய் இல்லாத தெருவாப் பார்த்து.

ரயில் வர்ற வாரம் நாகலிங்கத்தார் பட்டறைக்கு வந்தாரு. முகம் செத்துக்கிடந்துச்சு. துவானுக்கு என் வேலைமேல ஏக திருப்தியாம். சயாம்ல ராணுவ லாரிங்க நிறையக் கெட்டுக்கிடக்குதாம், இப்படிப்பட்ட கெட்டிக்கார வயர்மேன் பாலோவுல சும்மா இருக்கலாமா? கார் கெட்டா தண்டனைன்னு சயாம், கார் நல்லாயிட்டா மரியாதைன்னு சயாம். மரியாதைக்கும் அதே ரயில்தான். கரி மூட்டை மேல உட்கார்ந்துட்டேன். ராசாத்திக்கு எப்படிச் சொல்றது, புள்ள முகத்தை எப்படிப் பார்க்கிறது, ஒண்ணும் புரியல. நாகலிங்கத்தார் என்னைப் பார்க்காம சுவத்தைப் பார்த்துச் சொன்னாரு. "துவான் சந்தோஷத்திலை தந்தது. நீர் வந்து நன்றி சொல்ல வேணுமாம்."

மறுபடியும் இருட்டு

ரயில் புறப்படுற அன்னிக்குக் காலையில மூட்டையைக் கட்டிட்டேன். ராசாத்தி அழுது அழுது குரலே போயிடுச்சு. அப்போ ஆள் வந்து பட்டறைக்குக் கூப்பிட்டான். போனா, கருப்புக் காரை எருமையைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்து நிறுத்தியிருந்தாங்க. முந்தின நாள் அந்தியில, கொட்டுற மழையில, பெக்கோக் பாதையில விளக்கு போய், வண்டி இருட்டுல சேத்துப் பள்ளத்துல இறங்கிடுச்சாம். துவான் ரப்பர்க் காட்டு வழியா நடந்தே வந்தாராம். பூட்ஸ் முழங்கால் வரைக்கும் சேறு. முத்தையாவுக்கு ரெண்டு கன்னமும் வீங்கி, முன்பல்லு ஒண்ணைக் காணோம்.

முத்தையா குனிஞ்ச தலை நிமிராம நாகலிங்கத்தார்கிட்ட சொன்னான்: "இந்த வண்டி நோய் இந்த வயர்மேனுக்கு மட்டும்தான் தெரியும்னு சொல்லுங்கய்யா. இவரு சயாம் போயிட்டா துவான் தினமும் நடக்கணும்னு சொல்லுங்க." நாகலிங்கத்தார் சொன்னாரு. துவான் பூட்ஸைப் பார்த்தாரு, காரைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. சாம்ராஜ்யத்தோட ரயில் பாதை பெருசுதான், ஆனா சேறு அவரு பூட்ஸுக்குள்ள இல்ல புகுந்திருக்கு? நான் போகவேண்டாம்னுட்டாரு. சொல்லிட்டு முத்தையா பக்கம் விரலை நீட்டி, அப்போ இவன் போகட்டும்னாரு.

குனியக்கூட மறந்து கத்திட்டேன்: "நோய் எனக்குத் தெரியும், அது எப்போ வரும்னு இவனுக்குத்தான் தெரியும்! இவன் இல்லாம என்னால பார்க்க முடியாது!" நாகலிங்கத்தார் இந்தத் தடவை சுருக்காம, கூட்டாம அப்படியே சொன்னாரு போல. துவான் எங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு அறை கொடுத்துட்டு, சைக்கிள் ஒண்ணைப் பிடுங்கிக்கிட்டுப் போனாரு. ரயில் எங்களுக்காகக் காலியா போகல, மத்த ஏழைங்களை ஏத்திக்கிட்டு நிறைஞ்சுதான் போச்சு.

அப்புறம் மட்கார்டுக்கு அடியில தலையை விட்டேன். நான் சுத்தின ரப்பரைக் காணோம். கிழியல, தேயல, பக்குவமா முடிச்சை அவுத்து எடுத்திருக்கு, வயர் மேல புதுசா ஒரு சுரண்டல். வெளியே வந்து முத்தையாவைப் பார்த்தேன். பல்லு இருந்த பக்கமா வெத்தலையை ஒதுக்கி மென்னுக்கிட்டு இருந்தான். "அடப்பாவி, நீயாடா?"ன்னு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவன் மடியிலேர்ந்து ரப்பரை எடுத்து என் கையில வெச்சான். "உங்க முடிச்சை அவுக்கிறதுக்குள்ள நகமே போச்சு அண்ணே. அடுத்த தடவை கொஞ்சம் லூசாக் கட்டுங்க."

அதுக்கப்புறம் ஜப்பான்காரன் சரணடையுற வரைக்கும், சயாமுக்கு ரயில் புறப்படுற சமயமெல்லாம் அந்தக் கார் தவறாம கெட்டுப்போச்சு. அதைச் சரியாகாம பார்த்துக்க நான் எடுத்த அக்கறையை, வேற எந்த வண்டியைச் சரி பண்ணவும் என் ஆயுசுல எடுத்ததில்ல.